புள்ளிச் சராசரியை மட்டும் நம்பாதீர்கள்

அமெரிக்கக் கால்பந்தில், முதல் நான்கு ஆட்டங்களில் சராசரியாக 11 புள்ளிகளே விட்டுக்கொடுத்த கல்லூரி அணியின் தற்காப்பை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதை மட்டும் வைத்து நான் நம்பமாட்டேன். சீசன் தொடக்கமான செப்டம்பரில் பெரிய அணிகள் பணம் கொடுத்துச் சிறிய கல்லூரிகளை வரவழைத்துப் புரட்டியெடுப்பது அமெரிக்காவில் ஊரறிந்த வழக்கம். அப்படிப்பட்ட எதிரணிகளிடம் குறைவாக விடுவது பெரிய விஷயமில்லை.

ஓட்டக் கணக்கை, அதாவது எதிரணி பந்தோடு ஓடி எடுத்த யார்டுகளை, நன்றாகத் துருவிப் பாருங்கள். கல்லூரி ஆட்டத்தில் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் வீரர்) எறிவதற்குள் பந்தோடு வீழ்த்தப்பட்டு இழக்கும் யார்டுகளையும் ஓட்டத்தில்தான் கழிப்பார்கள். உதாரணமாக, எதிரணி 30 முறை ஓடி 120 யார்டு எடுத்திருக்கும். குவார்ட்டர்பேக் 4 முறை விழுந்து 30 யார்டு போயிருக்கும். ஏட்டிலோ 34 ஓட்டம், 90 யார்டு! ஓட்டத்துக்கு 4 யார்டு விட்ட தற்காப்பு 2.6 விட்டதுபோல் ஜொலிக்கும். எதிரணி நழுவவிட்ட பந்தை எடுத்ததையும் திறமையாக எண்ணாதீர்கள்; நழுவிய பந்து யார் கைக்குப் போகிறது என்பது பெரும்பாலும் அதிர்ஷ்டம்.

ஒரே ஆட்டத்தை வைத்துத் திட்டவும் வேண்டாம். 2021 டிசம்பரில் ஜார்ஜியா அணி அலபாமாவிடம் 41 புள்ளிகள் விட்டது. அதில் ஒரு டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோய் எடுக்கும் புள்ளிகள்), ஜார்ஜியாவின் தாக்குதல் வீரர் எறிந்த பந்தையே அலபாமா பறித்து ஓடி எடுத்தது; அதற்குத் தற்காப்பு என்ன செய்யும்? அடுத்த மாதமே தேசிய இறுதிப்போட்டியில் அதே அலபாமாவை 18 புள்ளிகளில் மடக்கிவிட்டார்கள்.

அடுத்த வலுவான எதிரணி வரட்டும். ஒரு நகர்வுக்கு, அதாவது எதிரணியின் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் எறிதலுக்கும், சராசரியாக எத்தனை யார்டு விடுகிறார்கள் என்று பாருங்கள். ஆட்டம் முடிவான பிறகு மாற்று வீரர்கள் விட்டதைச் சேர்க்காதீர்கள்.