கேம் ரேட்டிங், ரேங்க்: கேட்டவர்களுக்குப் பதில்

அண்ணே, ரேட்டிங்கை எப்படித்தான் கணக்குப் போடுறாங்க? (பெகு)

ஆட்டக்காரரின் திறமையைக் காட்டும் எண்தான் ரேட்டிங். இது சதுரங்கத்திலிருந்து வந்த கணக்கு, தம்பி. அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த அர்பாட் ஈலோ போட்டது. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970இல் ஏற்றுக்கொண்டது. ஆட்டத்துக்கு முன்பே யார் ஜெயிக்க எவ்வளவு வாய்ப்பு என்று ஊகிப்பதுதான் இதன் உயிர். உன் ரேட்டிங் 1600, எதிராளிக்கு 1400 என்று வை. நூறு ஆட்டம் ஆடினால் நீ எடுப்பாய் என்று எதிர்பார்ப்பது 76 புள்ளி. ஓர் ஆட்டத்தில் ரேட்டிங் அதிகபட்சம் 20 புள்ளி மாறலாம் என்று வைத்தால், ஜெயித்தால் உனக்கு 5தான் வரும், தோற்றால் 15 போய்விடும். எதிர்பார்த்தது நடந்தால் எண் லேசாக அசையும், எதிர்பாராதது நடந்தால் துள்ளும்.

மொபைல் லெஜெண்ட்ஸ் ஸ்டாரும் இதே கணக்கா? (ரங்கூன்)

இல்லை. அஞ்சு பேருக்கு அஞ்சு பேர் மோதும் அந்த போன் கேமில் ஜெயித்தால் ஒரு ஸ்டார் ஏறும், தோற்றால் ஒன்று இறங்கும். பாதுகாப்புப் புள்ளி சேர்ந்திருந்தால் தோற்றாலும் ஸ்டார் போகாது. அதனால் பாதிக்குப் பாதி ஜெயிப்பவர்கூட நிறைய ஆடினால் மேலே போய்விடலாம். ஸ்டார் சேர்ந்து கிடைக்கும் எபிக், லெஜெண்ட் என்ற ரேங்க் பட்டத்தில் திறமையோடு செலவழித்த நேரமும் கலந்திருக்கிறது. லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் போன்ற கேம்களில் திரையில் தெரியும் ரேங்க் வேறு, யாரோடு யாரை மோதவிடலாம் என்று பார்க்கும் மறை எண் வேறு.

புது அக்கவுண்ட் மட்டும் ஏன் கிடுகிடுவென்று ஏறுது? (மோல்மீன்)

உங்களைப் பற்றி ரேட்டிங் கணக்குக்கு இன்னும் ஒன்றும் தெரியாது, அதனால்தான். மார்க் கிளிக்மன் உருவாக்கிய கிளிக்கோ முறையில் ரேட்டிங்கோடு ஐயத்தின் அளவும் ஓர் எண்ணாக இருக்கும். ஐயம் பெரிதாக இருக்கும்வரை புள்ளி தாவும், ஆட ஆட அடங்கும். மைக்ரோசாஃப்டின் ட்ரூஸ்கில் என்ற ரேட்டிங் முறையும் அப்படித்தான். புதியவருக்கு 25 என்று வைத்து, ஐயத்தைப் போல் மூன்று மடங்கைக் கழித்துவிட்டு, பூஜ்யத்திலிருந்து காட்டத் தொடங்கும்.

என் டீம்தான் சொதப்புது அண்ணே, நான் என்ன செய்ய? (ரங்கூன்)

ஓர் ஆட்டத்தில் அது உண்மையாக இருக்கலாம். ஆனால் உன் பக்கம் தெரியாதவர்கள் நாலு பேர், எதிர்ப்பக்கம் அஞ்சு பேர். நீ ஒழுங்காக ஆடினால், சொதப்புகிறவர் எதிரில் இருக்கவே வாய்ப்பு கூட. நூறு ஆட்டம் போனால் மாறாமல் இருப்பது நீ ஒருவன்தான்.

ரேங்க் ஏறினால் போட்டி டீமில் எடுப்பாங்களா? (பெகு)

கண்ணில் படுவாய், அவ்வளவுதான். நம் மியான்மர் நாட்டு பர்மீஸ் கூல்ஸ் அணி 2021 ஜனவரியில் சிங்கப்பூரில் மொபைல் லெஜெண்ட்ஸின் எம்2 உலகக் கோப்பை இறுதிவரை போய், 4-3 என்று நூலிழையில் தோற்றது. அந்த மட்டத்தில் பார்ப்பது அஞ்சு பேரும் ஒரே மனதாக ஆடுவதைத்தான். இப்போதிருந்தே நாலு நண்பர்களோடு சேர்ந்து ஆடிப் பழகு.

நடுவில் கரண்ட் போய் ஸ்டாரும் போச்சு. இது நியாயமா? (ரங்கூன்)

வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்குக்குத் தெரிவது வெற்றி தோல்வி மட்டும்தான். அடிக்கடி பாதியில் விட்டால், ஆட்டக்காரரின் நடத்தையை அளக்கும் கிரெடிட் ஸ்கோரும் குறைந்து, ரேங்க் ஆட்டமே ஆட முடியாமல் போகும். கரண்ட் போகும் நேரத்தில் ரேங்க் ஆட்டத்தைத் தொடங்காதே. அப்புறம், போனில் சார்ஜும் மொபைல் டேட்டாவும் தயாராக இருக்கட்டும்.