டாஃப்னியா வாங்கும் முன் தண்ணீரைத் தயார் செய்யுங்கள்

கேள்வி: எம்.எஸ்சி. விலங்கியல் புராஜெக்டுக்காக ஆன்லைனில் இரண்டு முறை டாஃப்னியா மேக்னா (நன்னீரில் வாழும் ஓடுள்ள சிற்றுயிரி, நீர்த்தெள்ளு) வாங்கினேன். கூரியரில் உயிரோடுதான் வந்தன. காய்ச்சி வடித்த நீரில் விட்டு, ஏர் ஸ்டோன் (காற்றைக் குமிழ்களாக விடும் கல்) வைத்து, ஈஸ்ட் போட்டேன். மறுநாளே எல்லாம் செத்துவிட்டன. இன்னும் விலை கூடிய கல்ச்சர் வாங்கலாமா? எங்கள் ஆய்வகத்தில் ஏசி இல்லை.

பதில்: வேண்டாம். உயிரோடு வந்து சேர்ந்ததால் விற்றவரைக் குறை சொல்ல இடமில்லை. அடுத்த செலவைத் தண்ணீருக்குச் செய்யுங்கள்.

காய்ச்சி வடித்த நீரில் உப்பே கிடையாது. டாஃப்னியா சட்டை உரிக்கும் ஒவ்வொரு முறையும் புது ஓட்டைக் கெட்டியாக்கத் தண்ணீரிலிருந்து கால்சியம் எடுத்தாக வேண்டும். ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 294 மி.கி., மெக்னீசியம் சல்பேட் ஹெப்டாஹைட்ரேட் 123 மி.கி., சோடியம் பைகார்பனேட் 65 மி.கி., பொட்டாசியம் குளோரைடு 6 மி.கி. கரைத்து, நன்றாகக் காற்றூட்டி, அப்புறம் உயிரிகளை விடுங்கள். இந்த நான்கும் பெரும்பாலும் கல்லூரி ஆய்வகத்திலேயே இருக்கும். தனியாக எந்தப் பவுடரும் வாங்க வேண்டியதில்லை. மாதக்கணக்கில் வளர்ப்பதென்றால் நுண் தனிமங்களும் வைட்டமின் பி12-உம் சேர்ந்த எம்4 என்ற வளர்ப்பு ஊடகம் நல்லது. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். பித்தளைக் குழாயிலிருந்தும் சில மீன் மருந்துகளிலிருந்தும் வரும் செம்பு, துளியளவே கலந்தாலும் இவற்றைக் கொன்றுவிடும்.

ஏர் ஸ்டோனை எடுத்துவிடுங்கள். அதன் பொடிக் குமிழ்கள் ஓட்டுக்குள் சிக்கி, உயிரியை மேலே தூக்கி மிதக்கவிடும். வெறும் குழாயிலிருந்து பெரிய குமிழ் மெதுவாக வந்தால் போதும். ஈஸ்ட் கொஞ்சம் கூடினாலும் அழுகி ஆக்சிஜனைத் தின்றுவிடும். தீனிக்குக் குளோரெல்லா என்ற பச்சைப் பாசி வாங்குங்கள், தண்ணீர் இலேசாகப் பச்சை காட்டினால் போதும், அது தெளிந்த பிறகே அடுத்த வேளை.

ஏசி இல்லாததுதான் பெரிய சிக்கல். டாஃப்னியா மேக்னாவை வைத்துச் செய்யும் ஓ.இ.சி.டி. (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு) நச்சுச் சோதனைகள் 18 முதல் 22 டிகிரி செல்சியஸ் கேட்கின்றன. நம் ஊர் அறையில் அது நடக்காது. வழிகாட்டி சம்மதித்தால் மோய்னா என்ற இன்னொரு நீர்த்தெள்ளுக்கு மாறுங்கள். அது 24 முதல் 31 டிகிரியில் நன்றாகவே பெருகும்.

வாங்கும்போது அளவைப் பாருங்கள். மீன் தீனி விற்பவர்கள் இரண்டையும் டாஃப்னியா என்றே விற்பதுண்டு. வளர்ந்த மேக்னா 5 மி.மீ. வரை இருக்கும், மோய்னா ஒன்றரை மி.மீ.யைத் தாண்டுவது அரிது. எந்தத் தண்ணீர், எந்தத் தீனி, என்ன வெப்பநிலையில் வளர்த்தார்கள் என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். வந்ததும், அவர்கள் தண்ணீரோடு உங்கள் தண்ணீரைச் சில மணி நேரம் சிறிது சிறிதாகக் கலந்துவிடுங்கள். தாய்க் கல்ச்சரை இரண்டு பாத்திரங்களில் பிரித்து வையுங்கள். ஒன்று போனாலும் இன்னொன்று மிஞ்சும்.