புகை அடித்தும் கொசு குறையவில்லையே, ஏன்?

கேள்வி: போன வாரம்தான் தெருவில் புகை மருந்து அடித்தார்கள். அதற்குள் மறுபடியும் கொசு. மருந்தில் கலப்படமா?

மருந்தின் மேல் பழி போட வேண்டாம். புகை, அந்த நேரத்தில் அதில் சிக்குகிற கொசுவை மட்டும்தான் கொல்லும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் பெரும்பாலும் வீட்டுக்குள், கட்டிலுக்கு அடியிலும் மாட்டியிருக்கும் துணிகளுக்குப் பின்னாலும் உட்கார்ந்திருக்கும். நாமோ புகை வண்டிச் சத்தம் கேட்டதும் ஜன்னலைச் சாத்திவிடுகிறோம்! தண்ணீரில் இருக்கும் புழுவையும் புகை ஒன்றும் செய்யாது.

கேள்வி: வாரா வாரம் டிரம்மைக் கவிழ்த்துக் காலி செய்கிறேன். நிரப்பிய சில நாளில் புழு நெளிகிறது. எங்கிருந்து வருகிறது?

அதே டிரம்மிலிருந்துதான். ஏடிஸ், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான உட்சுவரில் முட்டைகளை ஒட்டிவிடும். கடுகைவிடச் சிறியவை, கறுப்பு, கண்ணில் படாது. காய்ந்து கிடந்தாலும் பல மாதம் உயிரோடு இருக்கும், தண்ணீர் ஏறியதும் பொரியும். கவிழ்த்தால் மட்டும் போகாது. உட்பக்கம் முழுக்க நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். கழுவிய தண்ணீரைக் காய்ந்த மண்ணில் ஊற்றுங்கள். முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் ஆகும். வாரம் ஒருமுறை என்று நாங்கள் நச்சரிப்பது அதனால்தான். அப்புறம் ஃபிரிட்ஜின் பின்பக்கத் தட்டு: வீட்டைப் பளிங்காக வைத்திருப்பவர்களும் கோட்டை விடுகிற இடம்.

கேள்வி: சாக்கடையை மூடினால் டெங்கு போய்விடுமா?

மூடினால் இரவில் தூக்கம் வரும். அங்கே பெருகுவது பெரும்பாலும் இரவில் கடிக்கும் கியூலெக்ஸ் கொசு. பகலில் கடிக்கும் ஏடிஸ் தேடுவது தெளிந்த தண்ணீரை.

கேள்வி: நாங்கள் சுத்தமாக இருக்கிறோம். பக்கத்து வீடு பல மாதமாகப் பூட்டிக் கிடக்கிறதே?

நகரத்தில் பெரிய தலைவலியே இதுதான். ஏடிஸ் பொதுவாகப் பிறந்த இடத்திலிருந்து 100, 200 மீட்டருக்குள்தான் சுற்றும். பூட்டிய வீட்டின் மாடித் தொட்டியும் கழிப்பறை ஃப்ளஷ் தொட்டியும் தெருவுக்கே கொசு அனுப்பும். உரிமையாளரைப் பிடித்து ஒருமுறை திறக்க வையுங்கள். மசியாவிட்டால் உள்ளாட்சி சுகாதாரப் பிரிவுக்கு எழுதிக் கொடுங்கள். வடிக்க முடியாத தண்ணீரில் அவர்கள் புழுக்கொல்லி போடலாம்.

கேள்வி: வீட்டில் ஒருவருக்கு டெங்கு. தனியறை வேண்டுமா?

தொட்டால் ஒட்டாது. ஆனால் காய்ச்சலின் முதல் 5 நாளில் அவரைக் கடிக்கும் கொசு வைரஸை ஏற்றிக்கொள்ளும். பகலிலும் கொசுவலைக்குள் படுக்கட்டும். அந்த வலை மற்றவர்களுக்கான காவல். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் கொடுக்கவே கூடாது. காய்ச்சல் இறங்கியபின் கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ரத்தக் கசிவு என எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.