கரும்பலகையில் ஆப்பிள், தெருவில் கொய்யா

அன்புள்ள ஐயா,

பழனி பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். சரிவிகித உணவுப் பாடத்தைப் படமெல்லாம் ஒட்டி நடத்தினேன். புரதம், மாவுச்சத்து, வைட்டமின் என்று பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். மணி அடித்ததும் எதிர்க்கடையில் சிப்ஸுக்கும் கோலாவுக்கும் கூட்டம். போன வாரம் ஒரு பெண், "எங்க வீட்ல ஆப்பிளெல்லாம் வாங்க மாட்டாங்க டீச்சர்" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. எங்கே தவறினேன்?

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

அந்தப் பெண் சொன்னதை ஒரு குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் ஒட்டிய படத்தில் என்ன தப்பு என்று அவள்தான் காட்டியிருக்கிறாள். உங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஆயக்குடி. கொய்யாவுக்குப் பேர்போன ஊர். வைட்டமின் சி கணக்கில் ஆப்பிள் கொய்யாவின் பக்கத்திலேயே வர முடியாது, ஆரஞ்சைவிடவும் அதில் பல மடங்கு அதிகம். நாளைக்கே நாலு கொய்யாவை வாங்கிப்போய் வகுப்பில் நறுக்குங்கள். பாடம் அங்கிருந்து தொடங்கட்டும்.

அந்த வைட்டமின் சி எதற்கு என்பதையும் அவர்கள் சாப்பிடுவதை வைத்தே சொல்லலாம். கீரையிலும் பயறிலும் இருக்கிற இரும்புச்சத்து உடம்பில் ஒட்ட அது உதவுகிறது. சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கும் டீ அதைத் தடுக்கிறது. பள்ளியில் வாரம் ஒன்று தரும் இரும்புச்சத்து மாத்திரையைப் பாதிப் பிள்ளைகள் ஏன் ஒளித்துவைக்கிறார்கள் என்று கேளுங்கள். வயிறு குமட்டுகிறது என்பார்கள். வெறும் வயிற்றில் வேண்டாம், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டுக்கொள் என்று சொல்லிக்கொடுப்பது படத்தில் இல்லாத பாடம்.

சத்துணவுத் தட்டையும் விட்டுவிடாதீர்கள். 1982-இல் தொடங்கிய திட்டம் அது. இன்று வாரத்தில் ஐந்து நாள் முட்டை வருகிறது. ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம். மஞ்சள் கரு நாறுகிறது என்று ஒதுக்கும் பிள்ளைகள் உண்டு. வைட்டமின் ஏ, டி எல்லாம் அந்த மஞ்சளில்தான் இருக்கின்றன என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள், முடிந்தால் அவர்களோடு நீங்களும் சாப்பிடுங்கள்.

கோலாவுக்கு அறிவுரை வேண்டாம், கணக்கு போதும். காலி பாட்டில்களைக் கொண்டுவரச் சொல்லுங்கள். லேபிளில் 100 மில்லிக்கு இத்தனை கிராம் சர்க்கரை என்று போட்டிருக்கும். கோலாவில் அது பெரும்பாலும் பத்து, பதினொன்று இருக்கும். 250 மில்லிக்கு எவ்வளவு என்று அவர்களே பெருக்கட்டும், அந்தச் சர்க்கரையை ஒரு கண்ணாடி டம்ளரில் ஸ்பூன் ஸ்பூனாகப் போடட்டும். வளர்ந்தவர்களுக்கே ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். எதிர்க்கடையைப் பற்றிப் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசுங்கள். பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் பிள்ளைகளுக்கு இந்த மாதிரிப் பண்டங்களை விற்கக் கூடாது என்று 2020-லேயே மத்திய அரசின் விதி வந்திருக்கிறது. கடைக்காரரும் பிழைக்க வேண்டும், கடலைமிட்டாயும் சுண்டலும் வைக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். யாருடைய டிபன் பாக்ஸையும் வகுப்பு முன்னால் திறந்து நல்லது, கெட்டது சொல்லாதீர்கள். ஆறாவது படிக்கும்போது நான் கொண்டுபோன கேழ்வரகுக் களியைப் பார்த்து ஓர் ஆசிரியர், "இதையா திங்குற?" என்றார். வகுப்பே சிரித்தது. அதற்கப்புறம் பல மாதம் மதியம் பட்டினி கிடந்தேன், அம்மாவுக்குத் தெரியாமல் களியை வாய்க்காலில் போட்டேன். அரிசியைவிட முப்பது மடங்குக்குமேல் கால்சியம் இருக்கிற தானியம் அது என்பது எனக்கு நாற்பது வயதில்தான் தெரிந்தது. அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை.

அந்தப் பெண்ணிடம் போய், வீட்டில் நேற்று ராத்திரி என்ன சமைத்தார்கள் என்று கேளுங்கள். கம்போ, முருங்கைக்கீரையோ, கொள்ளு ரசமோ, அவள் எதைச் சொன்னாலும் அதைக் கரும்பலகையில் எழுதி, அதில் என்ன சத்து என்று அன்றைய பாடத்தை நடத்துங்கள். எப்படிப் போனது என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்