கொடைக்கானல் பங்களாவுக்கு முழுப் பணத்தையும் இப்போதே கட்டலாமா?

கேள்வி: அடுத்த மே மாதம் அண்ணன் குடும்பம், நாத்தனார் குடும்பம், நாங்கள் என மூன்று வீடும் சேர்ந்து கொடைக்கானல் போகிறோம். என் அம்மாவோடு சேர்த்து 11 பேர். ஏரிக்குப் பக்கத்தில் மூன்று படுக்கையறை பங்களா ஒன்று பார்த்திருக்கிறோம். இரவுக்கு 14,000 ரூபாய், நான்கு இரவு. இந்த வாரமே முழுப் பணத்தையும் கட்டினால் 15 சதவீதம் தள்ளுபடி தருவதாகவும், ஆனால் எந்தக் காரணத்துக்கும் பணம் திரும்பக் கிடைக்காது என்றும் உரிமையாளர் சொல்கிறார். பயணத்துக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. என் கிரெடிட் கார்டில் 12 மாத இஎம்ஐ போட்டுக் கட்டிவிட்டு, மற்ற இரண்டு வீட்டிலும் மெதுவாக வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் 80,000 ரூபாய்க்கு ஒரு எஃப்டி இருக்கிறது, அதை உடைக்கலாமா? கணவருக்கு அலுவலகத்தில் எல்டிஏ (விடுமுறைப் பயணப்படி) உண்டு. வாடகை ரசீதை அதற்குக் காட்டலாமா? — வாசகி, ஈரோடு

பதில்: கட்ட வேண்டாம். பங்களா வேண்டாம் என்று சொல்லவில்லை, இந்த நிபந்தனையில் வேண்டாம்.

முதலில் தள்ளுபடியைப் பார்ப்போம். நான்கு இரவுக்கு 56,000. அதில் 15 சதவீதம் 8,400 ரூபாய் குறைந்து 47,600 கட்டுவீர்கள். அதை ஆண்டுக்கு 15 சதவீத வட்டியில் 12 மாத இஎம்ஐ ஆக்கினால் மாதம் சுமார் 4,300 வரும். வட்டி மட்டும் 4,000 ரூபாயை ஒட்டிப் போகும். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, அப்புறம் செயலாக்கக் கட்டணம். ஆக, கிடைத்த தள்ளுபடியில் பாதிக்கு மேல் வங்கிக்குப் போய்விடுகிறது. மிச்சம் மூவாயிரத்துச் சொச்சம். இதை மூன்று வீட்டுக்கும் பிரித்தால் வீட்டுக்கு ஆயிரம் ரூபாய். இந்த ஆயிரத்துக்காக முழுப் பணத்தையும் ஏழு மாதம் முன்பே, அதுவும் உங்கள் ஒருவர் பெயரில், திரும்ப வராத இடத்தில் வைக்கிறீர்கள்.

கொடைக்கானலைப் பொறுத்தவரை "திரும்ப வராது" என்பது வெறும் பேச்சு இல்லை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் அங்கே வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் (இணையத்தில் எடுக்கும் நுழைவு அனுமதி) கட்டாயம். 2025 கோடையில் அதற்கு எண்ணிக்கை உச்சவரம்பும் வந்தது: வார நாட்களில் ஒரு நாளைக்கு 4,000 வாகனங்கள், வார இறுதியில் 6,000. அடுத்த மே மாதம் விதி எப்படி இருக்கும் என்பது அந்த நேரத்து உத்தரவைப் பொறுத்தது. உங்கள் தேதிக்கு பாஸ் கிடைக்கவில்லை என்றால் பங்களா உரிமையாளர் பொறுப்பேற்க மாட்டார். அரசுப் பேருந்துக்கு இ-பாஸ் தேவையில்லைதான். ஆனால் 11 பேர், அதில் வயதான அம்மா, நான்கு நாள் மூட்டை முடிச்சு என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டாவது சிக்கல் உரிமம். கொடைக்கானலில் அனுமதி இல்லாத விடுதிகளுக்கும் காட்டேஜ்களுக்கும் சீல் வைத்த நடவடிக்கைகள் பல முறை நடந்திருக்கின்றன. நீங்கள் பணம் கட்டிய வீடு மார்ச்சில் பூட்டப்பட்டால், யூபிஐயில் அனுப்பிய தொகையைத் துரத்திக்கொண்டு திரிய வேண்டியதுதான். எனவே உரிமையாளரிடம் தங்கும் விடுதி நடத்துவதற்கான அனுமதியின் நகலைக் கேளுங்கள். கேட்டதுமே எரிச்சல்பட்டால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம். வீட்டை வீடியோ காலில் காட்டச் சொல்லுங்கள். வங்கிக் கணக்கின் பெயரும் அனுமதியில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். வேறு யாரோ எடுத்த படங்களைப் போட்டு முன்பணம் வாங்கிக்கொண்டு மறைந்துவிடும் ஆட்கள் சீசன் நேரத்தில் நிறைய. ஏமாந்தது தெரிந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்கு அழையுங்கள்.

அடுத்து, நீங்கள் கேட்காத ஒன்று: வரி. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 18. முழு வீட்டையும் ஒன்றாக 14,000 ரூபாய்க்கு எடுத்தால் இரவுக்கு 2,520 ரூபாய் வரி. அதே 14,000 ரூபாய்க்கு ஒரு ஓட்டலில் 3,500 வீதம் நான்கு அறை எடுத்தால் 700தான். நான்கு இரவுக்கு 7,280 ரூபாய் வித்தியாசம், உங்கள் தள்ளுபடிக்குக் கிட்டத்தட்ட சமம். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாத உரிமையாளர் ஜிஎஸ்டியில் பதிய வேண்டியதில்லை. அவரிடம் நேரடியாக எடுத்தால் வரி இல்லை. அதே வீட்டை ஆப் வழியாக எடுத்தால், உரிமையாளர் பதியாவிட்டாலும் ஆப் நிறுவனம் வரியை வசூலித்தே ஆக வேண்டும். 14,000 என்பது வரியோடா, வரி இல்லாமலா என்று எழுத்தில் வாங்குங்கள். எக்ஸ்ட்ரா பெட், சமையல்காரர், கேம்ப் ஃபயர், ஹீட்டர் எல்லாம் தனிக் கட்டணமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். மூன்று படுக்கையறையில் 11 பேர் என்றால் எக்ஸ்ட்ரா பெட் நிச்சயம் வரும்.

இவ்வளவுக்குப் பிறகும், உங்கள் கூட்டத்துக்குப் பங்களாதான் சரி என்பேன். சமையலறை இருப்பது அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் பெரிய வசதி, மூன்று வேளையும் ஓட்டல் பில் கட்டுவது மிச்சம். ஆனால் "ஏரிக்குப் பக்கத்தில்" என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள். பெருமாள்மலையிலும் வில்பட்டியிலும் பள்ளங்கியிலும் இருக்கும் வீடுகள்கூட விளம்பரத்தில் ஏரிக்குப் பக்கம் ஆகிவிடுகின்றன. 1863ல் வெட்டப்பட்ட அந்த ஏரியைச் சுற்றியுள்ள சாலை சுமார் 5 கிலோமீட்டர். படகு, சைக்கிள், குதிரை எல்லாம் அந்தச் சாலையில்தான், பிரையண்ட் பூங்காவும் அதை ஒட்டித்தான். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் வீடு இருந்தால் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு நான்கு நாளும் நடந்தே போகலாம். பத்து கிலோமீட்டர் தள்ளி இருந்தால், மே மாத நெரிசலில் பாதி நாள் வண்டியிலேயே கழியும். நடந்து போகும் தூரத்துக்காக இரவுக்கு 2,000 கூடுதலாகக் கேட்டாலும் கொடுக்கலாம். மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் தேதி. வெள்ளி, சனியை விட்டு திங்கள் முதல் வியாழன் வரையிலான இரவுகளைக் கேட்டால் பேரம் பேச இடம் கிடைக்கும்.

அவரிடம் இப்படிப் பேசிப் பாருங்கள்: இப்போது 25 சதவீதம், அதாவது 14,000 முன்பணம், மீதி வீட்டுக்குள் நுழையும் அன்று, இ-பாஸ் கிடைக்காவிட்டாலோ வீட்டின் அனுமதிக்குச் சிக்கல் வந்தாலோ முன்பணம் திரும்ப வரும், தள்ளுபடி 5 சதவீதம் போதும். அந்தத் தேதிகள் ஏப்ரல் வரை யாரும் பதிவு செய்யாமல் கிடப்பதைவிட இது அவருக்கும் நல்லதுதான். ஒத்துக்கொள்ளாவிட்டால் அடுத்த வீடு பாருங்கள், ஏழு மாதம் இருக்கிறது.

பணத்துக்கு வருவோம். எஃப்டியைத் தொடாதீர்கள். உங்கள் கடிதத்தில் வேறு சேமிப்பு எதுவும் தெரியவில்லை. அது நாளைக்கு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் எடுக்க வேண்டிய பணம். வரியோடு வாடகை 66,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி, சாப்பாடு, படகு, கடைத்தெரு எல்லாவற்றுக்கும் இன்னொரு 66,000 ஒதுக்கினால் மொத்தம் 1,32,000. வீட்டுக்கு 44,000, ஏழு மாதத்தில் மாதம் சுமார் 6,300. மூன்று வீடும் இந்த மாதத்திலிருந்தே ஒரே கணக்கில் போடட்டும். முன்பணம் 14,000 முதல் மாத வசூலிலேயே வந்துவிடும், கடனே தேவைப்படாது. அம்மாவின் பங்கை நீங்களும் அண்ணனும் பாதிப் பாதி ஏற்றுக்கொள்ளுங்கள், நாத்தனார் வீட்டுக் கணக்கில் அது வர வேண்டாம்.

பயணம் முடிந்த பிறகு சொந்தக்காரர்களிடம் பணம் கேட்பது எவ்வளவு சங்கடம் என்று உங்களுக்கே தெரியும். இஎம்ஐ முதல் மாதமே ஆரம்பித்துவிடும், ஆனால் அண்ணன் "மே மாசம் பார்த்துக்கலாம்" என்பார். யாராவது மாதம் 6,300 முடியாது என்றால், அது இப்போதே தெரிவது நல்லது. நான்கு இரவை மூன்றாக்கலாம்.

எல்டிஏவுக்கு வாடகை ரசீது செல்லாது. அந்த வருமான வரிச் சலுகை போக்குவரத்துச் செலவுக்கு மட்டும்தான். அதுவும் கணவர் பழைய வரி முறையில் இருந்தால் மட்டுமே, நான்கு ஆண்டுத் தொகுதியில் இரண்டு பயணங்களுக்கு. புதிய முறைக்கு மாறியிருந்தால் இதை விட்டுவிடலாம். பழைய முறை என்றால், வண்டிக்கான பில்லை அவர் பெயரில் வாங்கி வையுங்கள். அதிலும் உங்கள் குடும்பத்துக்கு உரிய பங்கைத்தான் காட்ட முடியும், 11 பேர் செலவையும் அல்ல.