சோற்றுக்காக வருகிற பிள்ளை

கேள்வி: பள்ளிக்கூடத்தில் இலவசச் சோறு போட்டதால்தான் பெண்கள் படித்தார்கள் என்று மேடைக்கு மேடை பேசுகிறார்களே, சோற்றுக்காக வருகிற பிள்ளை எப்படிப் படிக்கும்? எல்லாம் ஓட்டுக்கான இலவசம்தானே?
- வாசகர் ஒருவர், நாமக்கல்

பதில்: ஓட்டுக்காகவும்தான். யார் இல்லை என்றது? ஆனால் 'சோற்றுக்காக வருகிற பிள்ளை' என்று எழுதியபோது உங்கள் மனதில் இருந்தது பையனா, பெண்ணா?

பையனை எப்பாடு பட்டாவது அனுப்பிவிடுவார்கள். கஷ்டம் வந்தால் முதலில் நிறுத்தப்படுகிறவள் மூத்த பெண். அம்மா களையெடுக்கப் போய்விட்டால் உலை வைப்பது, தம்பிக்குச் சோறு போடுவது, கைக்குழந்தையை இடுப்பில் சுமப்பது எல்லாம் அவள் தலையில். தம்பியும் அவளும் பள்ளியிலேயே சாப்பிட்டால் பாதி வேலை போயிற்று. மீதி பாதிதான் கைக்குழந்தை. எம்.ஜி.ஆர். 1982-இல் சத்துணவைத் தொடங்கியபோது 2 வயதிலிருந்தே பால்வாடியில் சாப்பாடு என்று வைத்தார். அக்காவின் இடுப்பும் காலியானது.

வடநாட்டுக் கிராமங்களைப் பற்றிப் பொருளியல் அறிஞர்கள் ழான் திரேஸும் கீதா காந்தி கிங்டனும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், மதிய உணவு போடும் பள்ளி உள்ள இடங்களில் பள்ளி செல்லும் பெண் பிள்ளைகளின் பங்கு சுமார் 15 சதவீதப் புள்ளிகள் அதிகம். பையன்களிடம் அப்படி ஒரு வித்தியாசம் தெரியவில்லை.

சரி, அரிசியை வீட்டுக்கே கொடுத்துவிடலாமே என்பீர்கள். கொடுத்தார்கள். 1995-இல் மத்திய அரசு தன் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது பல மாநிலங்கள் மாதம் 3 கிலோ தானியத்தை அளந்து கொடுத்ததோடு சரி. அது வீட்டுப் பானைக்குள் போகும். அந்தப் பானையில் கடைசியாகக் கரண்டி விடுகிறவள் யார் என்று உங்கள் வீட்டிலேயே பாருங்கள். சமைத்துத்தான் போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001 நவம்பரில் உத்தரவு போட்ட பிறகே அந்த மாநிலங்கள் அடுப்பைப் பற்றவைத்தன. பள்ளித் தட்டில் விழுகிற சோறு அவள் வயிற்றுக்குத்தான் போகிறது. போனதற்குக் கணக்கும் இருக்கிறது: பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட பெண்கள் தாயானபோது, அவர்களுடைய குழந்தைகளிடம் வளர்ச்சிக் குறைவு குறைந்திருந்ததாக 2021-இல் ஓர் ஆய்வு வந்தது.

எப்படிப் படிக்கும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். சோறு பாடம் நடத்தாது, அது வாத்தியார் வேலை. பிள்ளையைப் பெஞ்சில் கொண்டுவந்து உட்காரவைப்பதோடு சோற்றின் வேலை முடிந்தது.

ஓட்டுக் கேட்டு வருகிறவர்களை மடக்க வேண்டுமென்றால் வேறு ஒரு கேள்வி இருக்கிறது. 1984-இலேயே பத்தாம் வகுப்பு வரை நீட்டிய சத்துணவு அங்கேயே நிற்கிறது. வீட்டில் கல்யாணப் பேச்சை எடுப்பது பதினொன்றாம் வகுப்பில். அந்த இரண்டு வருடத்துக்கு அவள் தட்டில் என்ன போடப் போகிறீர்கள் என்று கேளுங்களேன்.