நீர்த்தாரையால் துணியை மெருகேற்றுவது: கேள்வி பதில்

கம்பி வலை தாங்க ஓடும் துணியை, வரிசையான நுண்துளைகளிலிருந்து பாயும் மெல்லிய நீர்த்தாரைகளால் அடித்து, நூலின் இழைகளை விரித்துப் பின்னவைக்கும் முறை இது.

100 பார் (காற்றழுத்தத்தைப் போல் சுமார் 100 மடங்கு) அழுத்தத்தில் தண்ணீர் அடித்தால் துணி கிழிந்துவிடாதா, சார்?

பயம் நியாயமானதுதான். அந்த அழுத்தத்தில் தண்ணீர் நொடிக்குச் சுமார் 140 மீட்டர் வேகத்தில் பாயும். ஆனால் ஒவ்வொரு தாரையும் 0.1 மி.மீ. சொச்சம் பருமன்தான், துணியும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் இழை பெரும்பாலும் அறுபடாது. விலகும், வளையும், பக்கத்து நூலின் இழைகளோடு பின்னிக்கொள்ளும். முதல் வரிசைத் தாரைக்கு அழுத்தத்தைக் குறைவாக வைத்து, அடுத்தடுத்து ஏற்றுங்கள்.

இதனால் துணிக்கு என்னதான் லாபம்?

பாவுக்கும் (நீளவாக்கு நூல்) ஊடைக்கும் (குறுக்கு நூல்) நடுவிலுள்ள சந்துகளை, விரிந்த நூல் அடைத்துவிடும். அடித்த துணியையும் அடிக்காததையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், உடனே தெரியும். வெட்டிய ஓரம் சீக்கிரம் பிரியாது, நூலும் எளிதில் நழுவாது. இத்தனைக்கும் துணியில் ஒரு ரசாயனமும் ஏறவில்லை. இந்த முறை எனக்குப் பிடித்துப்போனதே அதனால்தான்.

ஃபிலமென்ட் பாலியஸ்டரில் செய்து பார்த்தோம். மாற்றமே இல்லையே?

இருக்காது. அதில் தொடர் இழைதான். பின்னிக்கொள்ள அவிழ்ந்த நுனிகள் இல்லை. பருத்தி, பாலியஸ்டர்-பருத்தி கலவை போன்ற, குட்டை இழைகளை முறுக்கி நூற்ற நூலில் பாருங்கள். அதிலும் முறுக்கு அதிகமானால் பலன் குறையும்.

துணியில் கோடு கோடாக விழுகிறது. என்ன செய்வது?

இதில்தான் பலர் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். கோடு எப்படி இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஒரே இடத்தில் நீளவாக்கில் தொடர்ந்து போனால், அங்கே தாரை வரும் ஒரு துளை அடைத்திருக்கிறது. துளைகள் வரிசையாக உள்ள பட்டையைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள், ஃபில்டரையும் பாருங்கள். துணி அகலத்தில் சீரான இடைவெளியில் பட்டை பட்டையாகத் தெரிந்தால், துளைகளின் இடைவெளியும் பாவு நூல்களின் இடைவெளியும் ஒன்றோடொன்று மோதுகின்றன. துளைப்பட்டையைப் பக்கவாட்டில் மெல்ல ஆட்டுவதும், ஒரே அடியாக அடிக்காமல் பல வரிசைகளில் பிரித்து அடிப்பதும் உதவும். கோடே இல்லாமல் வலைக்கண் போலத் தடம் விழுந்தால், கோளாறு அடியில் தாங்கும் கம்பி வலையில். இன்னும் நுண்ணிய வலை போடுங்கள்.

நெசவுக்காகப் பாவு நூலில் போட்ட கஞ்சியை எடுத்த பிறகா தாரை அடிப்பது, முன்னாலா?

எடுத்த பிறகுதான். கஞ்சி இழைகளை ஒட்டி வைத்திருக்கும். கரைந்து தண்ணீரையும் கெடுக்கும்.

தண்ணீர் நிறைய வீணாகுமே, அக்கறையோடு கேட்கிறேன்.

நல்ல கேள்வி. துணிக்கு அடியிலேயே உறிஞ்சி எடுத்து, வடிகட்டித் திரும்ப அதே பம்புக்கு அனுப்பலாம். உறிஞ்சாமல் விட்டாலும் கெடுதல்தான்: தேங்கிய நீர் மெத்தை போலத் தாரையின் வேகத்தை வாங்கிக்கொள்ளும். உண்மையான செலவு பம்புக்கான மின்சாரமும், அப்புறம் துணியை உலர்த்தும் சூடும். கணக்குப் போடும்போது அவற்றை முதலில் எழுதுங்கள்.